கல்லீரல் கேன்சர் என்று தெரிந்தபின் டாக்டரிடம் என்ன பேசுவது?

கல்லீரலில் கேன்சர் என்று டாக்டர் சொன்னதும் வீட்டார் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "கட்டி எவ்ளோ பெருசு டாக்டர்?" அடுத்த மூச்சில், "ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?" கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இந்த நோயில் கட்டியை மட்டும் பார்த்து இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. கட்டி போக மிச்ச ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே டாக்டர் ஒரு முடிவுக்கு வருவார். "மிச்ச ஈரல் எப்படி இருக்கு?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தால், அதற்குப் பிறகு டாக்டர் சொல்லும் பாதி விஷயம் தானாகவே பிடிபடும்.

நான் டாக்டர் இல்லை. வண்ணாரப்பேட்டைக்காரன். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று பலருக்குத் துணையாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓ.பி.யில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை அவரிடமிருந்து எப்படி வாங்குவது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

ஒரே ஆளுக்கு இரண்டு நோய்

மற்ற பல கேன்சர்களுக்கும் ஈரல் கேன்சருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஈரல் கேன்சர் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அதற்குப் பல வருடம் முன்பிருந்தே ஈரல் கெட்டுக்கொண்டு வந்திருக்கும். ஹெபடைட்டிஸ் பி, சி என்ற வைரஸ்கள், குடி, சர்க்கரையோடும் உடல் பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்பு ஈரல், இவை ஒவ்வொன்றும் ஈரலில் தழும்பை உண்டாக்கும். தழும்பு ஏறி ஏறி ஈரல் இறுகிச் சுருங்கிய நிலைதான் சிரோசிஸ். இறுகிப்போன அந்த ஈரலில்தான் பெரும்பாலும் கட்டி முளைக்கிறது. ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்களுக்குச் சில சமயம் சிரோசிஸ் வருவதற்கு முன்பேகூடக் கட்டி வந்துவிடும்.

"எங்கம்மா வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்லையே, அவங்களுக்கு எப்படி ஈரல் கெட்டுப்போச்சு?" என்று அழுத மகன்களைப் பார்த்திருக்கிறேன். குடி ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை. ஈரல் நோய் என்றாலே குடிகாரர் என்று தெருவே முடிவு கட்டுவது, வலியில் இருக்கும் குடும்பத்துக்கு நாம் செய்யும் கூடுதல் கொடுமை.

காசிமேட்டில் படகு பழுது பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பலகை உளுத்துப்போனால் அதை மட்டும் அறுத்து எடுத்துப் புதுப்பலகை வைத்து அடித்துவிடலாம். சுற்றியிருக்கும் மரமெல்லாம் ஊறி இற்றுப்போயிருந்தால்? அறுக்கலாம், ஆனால் ஆணி எதில் நிற்கும்? ஈரல் அறுவை சிகிச்சையிலும் இதுதான் சிக்கல். ஆரோக்கியமான ஈரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும் மிச்சம் வளர்ந்து வேலையைப் பார்த்துக்கொள்ளும். சிரோசிஸ் முற்றிய ஈரலில் சின்னத் துண்டை எடுத்தாலே மிச்சம் தாங்காமல் போகலாம்.

ஈரலின் நிலையை அளக்க டாக்டர்கள் சைல்ட்-பியூ என்றொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்: ரத்தத்தில் பிலிருபின் எவ்வளவு, ஆல்புமின் எவ்வளவு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது, வயிற்றில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, மூளையில் குழப்பம் இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 5 அல்லது 6 வந்தால் ஏ, 7 முதல் 9 வரை பி, 10 முதல் 15 வரை சி. பள்ளிக்கூடக் கணக்குக்கு நேர்மாறு, மதிப்பெண் ஏற ஏற நிலைமை மோசம்.

இரண்டு பேருக்கும் ஈரலில் 3 சென்டிமீட்டருக்கு ஒரே ஒரு கட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சைல்ட் ஏ. அவருக்கு வெட்டி எடுப்பது பற்றியோ ஊசி வழியே சுட்டு அழிப்பது பற்றியோ, குணமாக்கும் நோக்கத்தோடு டாக்டர் பேசுவார். இன்னொருவர் சைல்ட் சி. அதே 3 சென்டிமீட்டர்தான். அவருக்கு அறுவை ஆபத்து. மாற்று ஈரல் வைக்க முடியுமா என்று பார்ப்பார்கள், அதற்கும் வழியில்லை என்றால் வேதனையைக் குறைக்கும் மருத்துவத்தைப் பற்றிப் பேசுவார்கள். "அதே கட்டிதான் எதிர்வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு, அவருக்கு ஆபரேஷன் பண்ணாங்க, எங்களுக்கு மட்டும் முடியாதுங்கறாங்க" என்ற ஆதங்கத்துக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே கேளுங்கள்: "ஈரலோட நிலைமை சைல்ட் ஏ-வா, பி-யா, சி-யா டாக்டர்?" "சிரோசிஸ் எதனால வந்துச்சு? அதுக்கும் தனியா மருந்து இருக்கா?" இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி இருந்தால் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாதிரி வைரஸை அடக்கும் மாத்திரை உண்டு. கேன்சர் சிகிச்சை நடக்கும்போதும் அதை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வைரஸ் சீறி எழுந்து மிச்ச ஈரலையும் சாய்த்துவிடும். கேன்சர் மருந்து வந்துவிட்டதே, பழைய மாத்திரை எதற்கு என்று வீட்டிலேயே முடிவெடுத்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இது ஈரலிலேயே பிறந்ததா?

முதல் சந்திப்பிலேயே தெளிவாக வேண்டிய விஷயம் இது. குடலிலோ வயிற்றிலோ மார்பிலோ உண்டான கேன்சர் ஈரலுக்குப் பரவியிருந்தாலும், "ஈரல்ல கேன்சர்" என்றுதான் வீட்டுக்குச் செய்தி வரும். அது வேறு நோய், சிகிச்சையும் வேறு. ஈரலிலேயே பிறந்ததில் அதிகம் காணப்படுவது ஹெச்.சி.சி. என்று ரிப்போர்ட்டில் சுருக்கி எழுதப்படும் ஹெபட்டோசெல்லுலார் கார்சினோமா. பித்தநாளத்தில் வருவது இன்னொரு வகை. நான் இங்கே சொல்லுவதெல்லாம் ஹெச்.சி.சி. பற்றி.

"சதை எடுத்து டெஸ்ட் பண்ணவே இல்லையே, ஸ்கேனை மட்டும் பார்த்து எப்படிக் கேன்சர்னு சொல்றாங்க?" என்ற சந்தேகம் நிறையப் பேருக்கு வரும். நியாயமான சந்தேகம், அதற்குச் சரியான பதிலும் உண்டு. நல்ல ஈரலுக்கு ரத்தம் பெரும்பாலும் போர்ட்டல் வெயின் என்ற சிரை வழியாக வருகிறது. இந்தக் கட்டியோ ரத்தத்தைப் பெரும்பாலும் தமனியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. கையில் மருந்து ஏற்றி, அது தமனியில் ஓடும்போது ஒரு படம், சிரைக்கு வந்ததும் ஒரு படம், இன்னும் கொஞ்சம் பொறுத்து ஒரு படம் என்று சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கிறார்கள். கட்டி முதல் படத்தில் பளிச்சென்று தெரிந்து பின்னால் வரும் படங்களில் மங்கிப்போகும். சிரோசிஸ் இருப்பவருக்கு இந்த அடையாளம் தெளிவாக இருந்தால் சதைப் பரிசோதனை இல்லாமலே முடிவு சொல்வது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அடையாளம் தெளிவாக இல்லாவிட்டாலோ சிரோசிஸ் இல்லாவிட்டாலோ பயாப்சி கேட்பார்கள்.

ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் சொல்வார்கள். அது ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும், ஆனால் கட்டி இருந்தும் அது சாதாரணமாக இருக்கலாம். ஏ.எஃப்.பி. நார்மல் என்ற ஒரே காரணத்தால் ஸ்கேன் தப்பு என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு ஆஸ்பத்திரியில் கருத்துக் கேட்கப் போனால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்களைப் பதிந்து தரும் கம்ப்யூட்டர் தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிலிமில் தெரியாதது கம்ப்யூட்டரில் தெரியும். அந்தத் தட்டு கையில் இல்லாததால் மறுபடியும் முழு ஸ்கேனும் எடுக்க வைக்கப்பட்ட குடும்பங்கள் உண்டு. காசும் போச்சு, நாளும் போச்சு. இரண்டாவது கருத்து கேட்பதை எந்த நல்ல டாக்டரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. "ட்யூமர் போர்டுல எங்க கேஸைப் பேசினாங்களா?" என்றும் கேட்கலாம். அறுவை நிபுணர், ஈரல் மருத்துவர், ஸ்கேன் நிபுணர், கேன்சர் மருத்துவர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டம் அது. இந்த நோயில் ஒருவர் மட்டும் முடிவெடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

டாக்டர் கேட்கும் சின்னக் கேள்விகள்

நம் கேள்விகளைப் பற்றியே பேசுகிறோம். டாக்டர் நம்மிடம் கேட்பவற்றுக்குச் சரியாகப் பதில் சொல்வதும் அதே அளவு முக்கியம். இதில்தான் நம் ஜனங்கள் அதிகம் சறுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு மீனவப் பெரியவர், மகளோடு வந்திருந்தார். டாக்டர் அம்மா ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"ஐயா, தூக்கமெல்லாம் எப்படி?"

"அதெல்லாம் நல்லா தூங்குறேன்மா."

மகள் பின்னாலிருந்து, "பகல்ல தூங்குறாரு மேடம். ராத்திரி முழுக்க முழிச்சிட்டு உக்காந்திருக்காரு. வயசாச்சுல்ல" என்றாள்.

டாக்டர் ஃபைலை மூடிவிட்டார். "ஐயா, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. வண்டியை நிறுத்தச் சொல்ற மாதிரி உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுங்க. அப்படியே வைங்க."

நீட்டிய கைகள் ஒரு கணம் நின்றன. பிறகு மணிக்கட்டு தொய்ந்து விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. பெரியவர் தன் கைகளையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பகல் தூக்கமும் ராத்திரி விழிப்பும் வயதால் வந்தவை இல்லை. ஈரல் சுத்தம் செய்ய வேண்டிய நச்சு மூளைக்குப் போகிறது என்பதற்கான ஆரம்ப அடையாளம். மகள் அந்த ஒரு வரி சொல்லாமல் இருந்திருந்தால் சைல்ட் மதிப்பெண் குறைவாகவே கணக்காகியிருக்கும், அவர் தாங்க முடியாத சிகிச்சைக்குத் தேதி குறித்திருப்பார்கள். அன்றைக்கு லாக்டுலோஸ் என்ற இனிப்பு மருந்தை எழுதிக் கொடுத்து, தினமும் இரண்டு மூன்று தடவை இளகலாக வெளிக்குப் போகும் அளவுக்குக் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். வெளிக்குப் போவது தொந்தரவு என்று பலர் அதை நிறுத்திவிடுவார்கள். நச்சு வெளியேறும் வழியே அதுதான்.

"தானே குளிக்கிறாரா? கடைக்குப் போய் வர்றாரா? பகல்ல எவ்ளோ நேரம் படுத்திருக்காரு?" என்று கேட்பதும் குசலம் விசாரிப்பது இல்லை. உடம்பின் தெம்பை 0 முதல் 4 வரை அளந்து, அந்த அளவை வைத்துச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்பாவின் மானம் போய்விடும் என்று "நல்லா நடக்கிறாரு டாக்டர்" என்று கூட்டிச் சொல்லாதீர்கள். பரிதாபம் வரட்டும் என்று குறைத்தும் சொல்லாதீர்கள். உள்ளது உள்ளபடி.

குடியைப் பற்றிக் கேட்டாலும் அப்படியே. மனைவி முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், "கொஞ்சம் தனியா பேசணும் டாக்டர்" என்று கேளுங்கள். கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பது மாற்று ஈரல் பட்டியலில் பெயர் சேர்ப்பது வரைக்கும் போகும் தகவல். இன்றைக்கு நிறுத்தினாலும் மிச்ச ஈரலுக்கு லாபம்தான்.

எந்தச் சிகிச்சை, எதற்காக

சிகிச்சைப் பேச்சு தொடங்கும்போது பெயர்கள் சரமாரியாக வரும். முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்தச் சிகிச்சை குணமாக்கவா, கட்டுக்குள்ள வைக்கவா, வேதனையைக் குறைக்கவா?" மூன்றும் மரியாதையான நோக்கங்கள். எது என்று தெரியாமல் நகையை அடகு வைக்கக் கூடாது.

குணமாக்கும் நோக்கத்தில் மூன்று வழிகள் உண்டு. வெட்டி எடுப்பது ஒன்று. சின்னக் கட்டியாக, பொதுவாக 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால், தோல் வழியாக ஊசி செலுத்திச் சூட்டால் கருக்குவது இன்னொன்று. ஆர்.எஃப்.ஏ., மைக்ரோவேவ் என்று ரிப்போர்ட்டில் பார்த்தால் அது இதுதான். மூன்றாவது மாற்று ஈரல். யோசித்துப் பார்த்தால் இது ஒன்றுதான் இரண்டு நோயையும் சேர்த்து எடுக்கிறது, கட்டியும் போகிறது, கெட்டுப்போன ஈரலும் போகிறது. ஆனால் எல்லாருக்கும் செய்ய முடியாது. ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள், ரத்தக்குழாயில் கட்டி இறங்கியிருக்கக் கூடாது. 1996-இல் இத்தாலியின் மிலன் நகர மருத்துவர்கள் வகுத்த இந்த வரையறையை வைத்துத்தான் இன்றைக்கும் பேச்சு தொடங்குகிறது. தனியாரில்தான் மாற்று ஈரல் என்று நினைக்க வேண்டாம். நம் ராயபுரம் பக்கத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே அது நடக்கிறது. மூளைச்சாவு அடைந்தவர்களின் ஈரலுக்கான காத்திருப்போர் பட்டியலை அரசின் டிரான்ஸ்டான் அமைப்பு நடத்துகிறது, ஆஸ்பத்திரி மூலமாகத்தான் பதிவு செய்ய முடியும். "மாத்து ஈரலுக்கு இவரைப் பரிசீலிக்க முடியுமா? முடியாதுன்னா எந்தக் காரணத்தால?" என்று வாய் திறந்து கேட்டுவிடுங்கள்.

கட்டி பெரிதாகவோ பலவாகவோ இருந்து, ஆனால் ஈரலுக்குள்ளேயே இருந்தால் டேஸ் என்று ஒன்று சொல்வார்கள். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை ஈரல் வரை செலுத்தி, கட்டிக்குப் போகும் கிளையில் மருந்தை விட்டு அந்தக் கிளையை அடைப்பது. கட்டி தமனி ரத்தத்தைக் குடிக்கிறது என்று முன்னால் சொன்னேனே, அந்த பலவீனத்தை வைத்துத்தான் இதைச் செய்கிறார்கள். முடிந்த பிறகு சில நாள் காய்ச்சல், வலி, குமட்டல் வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் வீட்டில் பதற்றம் இருக்காது. இதையும் ஈரல் தாங்க வேண்டும். எனவே ஒவ்வொரு முறையும் அடுத்த டேஸுக்கு முன் ரத்தப் பரிசோதனை பார்த்தார்களா என்று கேளுங்கள்.

கட்டி ரத்தக்குழாயில் இறங்கியிருந்தாலோ வெளியே பரவியிருந்தாலோ உடம்பு முழுக்கப் போகும் மருந்துகள். மாத்திரையாக சோராஃபெனிப், லென்வாட்டினிப். ஊசியாக அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் சேர்ந்த இம்யூனோதெரபி. பெவாசிசுமாப் ரத்தக்கசிவை உண்டாக்கக் கூடியது, சிரோசிஸ் உள்ளவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கலாம். அதனால்தான் தொடங்கும் முன் எண்டோஸ்கோபி பார்க்கச் சொல்கிறார்கள். கேன்சருக்கு வந்தால் தொண்டையில் ஏன் குழாய் விடுகிறார்கள் என்று கோபப்பட வேண்டாம்.

சோராஃபெனிப் மாத்திரைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பேயர் கம்பெனி அதை மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. 2012 மார்ச்சில் இந்திய அரசின் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர், ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனிக்கு அதைத் தயாரிக்கக் கட்டாய உரிமம் கொடுத்தார், அதாவது காப்புரிமை வைத்திருக்கும் பேயர் சம்மதிக்காமலே இன்னொரு கம்பெனி தயாரிக்கலாம் என்ற அனுமதி. நாட்டிலேயே அப்படிக் கொடுக்கப்பட்ட முதல் உரிமம் அது. மாதத்துக்கு 8,880 ரூபாய் என்று விலை நிர்ணயம் ஆனது. பேயர் மேல்முறையீடு செய்தபோது 2013-இல் உரிமம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்ன மேல்முறையீட்டு வாரியம் நம் சென்னையில்தான் இருந்தது. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருந்துச் சீட்டை வாங்கும்போது "இதே மருந்து ஜெனரிக்ல கிடைக்குமா டாக்டர்?" என்று, அதாவது அதே மருந்தை வேறு கம்பெனி குறைந்த விலையில் தயாரித்தது கிடைக்குமா என்று, கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். அந்தக் கேள்விக்கு நாட்டின் சட்டமே பக்கபலமாக நின்றிருக்கிறது.

காசு என்று வந்தபிறகு காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலையில் இருக்கும் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்ப் பதியலாம், பீச் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரம்தான். டாக்டரிடம் கேட்க வேண்டியது: "நீங்க சொல்ற சிகிச்சை காப்பீட்டுல வருமா, இங்கேயே பண்ணுவீங்களா, வேற ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க"

ஓ.பி. அறைக் கதவுக்கு வெளியே டாக்டரை மடக்கி, மகனோ மருமகளோ கிசுகிசுப்பாகச் சொல்லும் வார்த்தை இது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் நோயாளிக்குத் தெரியாமல் இருப்பது அபூர்வம் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிவிடுவார், போர்டில் எழுதியிருக்கும், வீட்டில் எல்லார் முகமும் சொல்லும். தெரிந்தும் தெரியாத மாதிரி அவர் நடிக்க, நாம் நடிக்க, யாரிடமும் மனம் விட்டுப் பேச முடியாமல் அவர் தனியாகிவிடுகிறார். வங்கிக் கணக்கு, மகள் கல்யாணம், சண்டை போட்டுப் பிரிந்த தம்பி என்று அவர் முடிக்க நினைக்கும் வேலைகள் எத்தனையோ இருக்கும்.

ஒரேயடியாகக் கொட்டச் சொல்லவில்லை. டாக்டரிடம் இப்படிக் கேட்கலாம்: "அவருக்கு எவ்ளோ தெரிஞ்சுக்க விருப்பம்னு நீங்களே அவர்கிட்ட கேளுங்க டாக்டர், நாங்களும் கூட இருக்கோம்." சிலர் எல்லாம் தெரிய வேண்டும் என்பார்கள். சிலர் "என் பையன்கிட்ட பேசிக்குங்க" என்பார்கள். இரண்டுமே அவர் எடுத்த முடிவாக இருக்கும், அவருக்காக நாம் எடுத்ததாக இருக்காது.

"எவ்வளவு நாள் டாக்டர்?" என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணாகப் பதிலை எதிர்பார்க்காதீர்கள். "மாசக்கணக்கா, வருஷக்கணக்கா?" என்று கேட்டால் டாக்டராலும் நேர்மையாகச் சொல்ல முடியும். வலி நிவாரண மருத்துவம் என்ற பேச்சு வந்தால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கேன்சர் சிகிச்சை நடக்கும்போதே வலிக்கும் தூக்கத்துக்கும் பசிக்கும் தனியாக மருத்துவம் பெறுவது நோயாளியின் உரிமை, முதல் நாளிலேயே கேட்கலாம்.

அரசு ஓ.பி.யில் கிடைப்பது சில நிமிடம். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். நாலு பேர் போனாலும் ஒருவர் பேசட்டும். போனில் ரெக்கார்டு செய்யலாமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எழுந்து வரும் முன், "நான் புரிஞ்சிக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கீழாநெல்லியும் கருவாடும்

நாட்டு மருந்தை டாக்டரிடம் மறைப்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். திட்டுவார் என்ற பயம். கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி அந்த வைரஸை விரட்டுகிறதா என்று சோதித்து, நம்பிக்கை தரும் முடிவை 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்டது. பின்னால் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. ஆக, உலகமே எடுத்துப் பார்த்த மூலிகை அது, பெயரைச் சொன்னதும் டாக்டர் சிரிக்கப் போவதில்லை. ஆனால் கேன்சர் கட்டிக்கு அது மருந்து இல்லை. பெயரே எழுதாத பொட்டலத்தில் வரும் சூரணங்களில் என்ன கலந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது, சில ஈரலையே தாக்கும். எதைச் சாப்பிட்டாலும் அந்தப் பொட்டலத்தோடு போய்க் காட்டுங்கள்.

மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையும் அப்படித்தான். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை சிரோசிஸ் உள்ளவருக்குக் கிட்னியைக் கெடுக்கும், ரத்தக்கசிவை உண்டாக்கும். பாரசிட்டமாலே பாதுகாப்பானது, ஆனால் பொதுவாக நாளுக்கு 2 கிராமுக்குள், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு மேல் வேண்டாம் என்பார்கள். உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் பலர் பத்தியம் என்று கஞ்சியில் உட்கார்த்திவைத்து ஆளை இளைக்க வைக்கிறார்கள். ஈரல் நோயாளிக்குப் புரதம் குறையக் கூடாது. மீன், முட்டை, பருப்பு, தயிர் நன்றாகவே சாப்பிடலாம், படுக்கும் முன் ஏதாவது சிறிது சாப்பிடுவதும் நல்லது. வயிற்றில் தண்ணீர் இருந்தால் குறைக்க வேண்டியது உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் போக வேண்டும். திருவொற்றியூர், காசிமேடு வீடுகளில் கருவாட்டை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், ஆனாலும் விட்டாக வேண்டும். நண்டு, சிப்பி அரைவேக்காடாகச் சாப்பிடவே கூடாது, அதிலிருக்கும் கிருமி கெட்ட ஈரல் உள்ளவருக்கு உயிராபத்து.

வீட்டுக்கு வந்த பிறகு

அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாத சில விஷயங்கள் உண்டு. ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம், சம்பந்தமில்லாமல் பேசுவது அல்லது எழுப்பினால் எழாமல் தூங்குவது, காய்ச்சலோடு வயிறு வீங்கி வலிப்பது, சிறுநீர் அளவு சட்டென்று குறைவது. இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிட்டு எமர்ஜென்சிக்குப் போங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும். "இந்த மாதிரி ஆச்சுன்னா யாருக்கு போன் பண்றது, எந்த வார்டுக்கு வர்றது?" என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பதாகத் தெரிந்தால், மனைவி, கணவர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தாயிடமிருந்து பிள்ளைக்கு, ரத்தத்தால், உடலுறவால் பரவும் வைரஸ் அது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது, யாரையும் ஒதுக்கி வைக்க வேண்டாம். இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், பொதுவாக ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசி. இருப்பவர்களுக்கு மாத்திரை தேவையா என்று டாக்டர் பார்ப்பார், எல்லாருக்கும் உடனே தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்கு 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஹெபடைட்டிஸ் சி என்றால் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் குணமாகும். வைரஸோ சிரோசிஸோ இருக்கும் உறவினர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டுமா என்று அதே டாக்டரிடம் கேளுங்கள். கட்டி சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடிக்க அதுதான் வழி.